பதினேழாவது கையெழுத்து

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். போலீஸ் ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டருக்கு அந்தக் குறை கிடையாது. வாயை அவர் இருபத்துநாலு வருஷமாகப் பத்திரமாகத்தான் வைத்திருந்தார். அவர் கெட்டது கையால். அதுவும் எடுக்க வேண்டியதை எடுக்காமல் வந்த கையால்.

நடந்தது இவ்வளவுதான். காவலர் சங்கத்தில் சேர்ந்த நாற்பத்தொரு பேரின் பெயர், எண், கையெழுத்து எல்லாம் இருந்த தாளை நகலெடுக்க வேண்டும். தெருமுனைக் கடைக்குக் கொண்டுபோனால் கடைக்காரன் படித்துவிடுவான், அவன் படித்தால் ஊருக்கே ஓதிவிடுவான் என்று எல்லோருக்கும் பயம். அப்போது முன்வந்தவர் ரைட்டர். ஆபீஸ் மெஷினிலேயே எடுத்துவிடலாம், காலை ஏழு மணிக்கு அங்கே ஈ காக்கா இருக்காது என்றார். ஏழு மணிக்குப் போனார். ஈ இல்லை, காக்காவும் இல்லை. மூன்று நகல் எடுத்தார். தட்டி அடுக்கினார். இரண்டு முறை எண்ணினார். சட்டைக்குள் செருகிப் பித்தானைப் போட்டார். பிறகு இயந்திரத்தின் மூடியை, தூங்குகிற குழந்தைக்குப் போர்வை இழுத்துவிடுவதுபோலச் சத்தமில்லாமல் மூடினார்.

அசல் தாள் உள்ளே கண்ணாடிமேல் குப்புறப் படுத்திருந்தது.

எட்டரை மணிக்குப் பெரியவரின் உதவியாளர் தன் மகளுடைய மதிப்பெண் பட்டியலை நகலெடுக்க அந்த மூடியைத் திறந்தார். பாவம், அவரும் திருட்டுத்தனமாகத்தான் வந்திருந்தார். ஒன்பது மணிக்கு ரைட்டருக்கு ஞாபகம் வந்து மாடிப்படியில் ஓடியபோது கண்ணாடியில் அவர் முகம் மட்டும் இருந்தது.

பெரியவர் என்றால் வயதில் பெரியவர் அல்ல. ரைட்டரைவிடப் பத்து வயது இளையவர். அந்த வட்டாரத்துப் போலீஸ் முழுவதற்கும் மேலதிகாரி என்பதால் அந்தப் பெயர். சங்கம் கேட்டதும் பெரிதாக ஒன்றுமில்லை. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. எட்டு மணி நேர வேலை. அதிகாரிகள் வீட்டு நாயைக் குளிப்பாட்டக் காவலர்களை அனுப்பக் கூடாது. மூன்றாவது கோரிக்கையில் பெரியவர் வீட்டு நாயே கையெழுத்துப் போட்டிருக்கும். அதற்கும் குளிப்பது பிடிக்காது.

ரைட்டர் முதலில் போய்ச் சொன்னது ஸ்டெப்னியிடம். ஸ்டெப்னி ஜீப் ஓட்டுநர், சங்கத்தின் செயலாளர். யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டில் விசேஷம் என்றாலும் அவர்களுடைய டியூட்டியைத் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்கிறவன் என்பதால் வண்டியின் உபரிச் சக்கரத்துப் பெயர் அவனுக்கு ஒட்டிக்கொண்டது. ஜீப்புக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தவன், ரைட்டர் சொல்லி முடிக்கும்வரை வெளியே வரவில்லை. ரைட்டர் அவனுடைய இரண்டு செருப்புகளிடம்தான் மன்னிப்புக் கேட்டார்.

"சரிண்ணே" என்றன செருப்புகள். அவ்வளவுதான்.

அந்தச் 'சரி'க்கு என்ன அர்த்தம் என்பதுதான் அன்றிலிருந்து ரைட்டரைக் குடைந்தது. நம்பினேன் என்ற சரியா, உன்னைப் புரிந்துகொண்டேன் என்ற சரியா?

பெரியவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நாற்பத்தொரு பேரும் பழகிய பயத்தோடு நின்றிருப்பார்கள். அவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அந்த அறையில் காவலர்கள் உட்கார்ந்ததே கிடையாது. நாற்காலியின் நுனியில், அது சுடுவதுபோல உட்கார்ந்தார்கள். தேநீர் வந்தது. மேஜையில் அந்தத் தாள். பெரியவர் தாளைப் பார்க்கவே மாட்டாராம். பையன் எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்பாராம். நடுவில் மாற்றினால் படிப்புக் கெட்டுவிடுமே என்று வருத்தப்படுவாராம். மாமியாருக்கு வாரம் இரண்டு முறை இரத்தச் சுத்திகரிப்பாமே, எல்லைப்புறச் சாவடியில் அந்த வசதியெல்லாம் கிடையாதே என்பாராம். கடைசியில், "டீ ஆறுதே, குடிங்க" என்பாராம். வெளியே வந்தவர்கள் சொன்னார்கள், அந்தத் தேநீர் நல்ல தேநீர்தானாம். தொண்டையில்தான் இறங்கவில்லையாம்.

பிறகு ஒரு கடிதம். 'விவரம் அறியாமல், பிறர் தூண்டுதலால் கையெழுத்திட்டேன். எனது உறுப்பினர் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன்.' இதை ஆளுக்கொன்றாகத் தட்டச்சு செய்யும் வேலை யாருக்கு வரும்? அலுவலகத்தில் அழகாகத் தட்டச்சு செய்கிறவர் ஒரே ஒருவர்தான். மாடியிலிருந்து வந்த வாசகம் கரடுமுரடாக இருந்தது. ரைட்டர் பழக்கதோஷத்தில் அதை இரண்டு பத்தியாகப் பிரித்து, ஓரம் சரிசெய்து, 'பணிவுடன்' என்ற சொல்லையும் தன் கைக்காசாகச் சேர்த்தார். ஐந்தாவது கடிதத்தில்தான் தான் செய்த காரியம் உறைத்தது. இவ்வளவு லட்சணமான சரணாகதியை அந்த வட்டாரம் கண்டதில்லை.

பதினாறாவதாகக் கையெழுத்துப் போட்டிருந்தவன் ரைட்டரின் மைத்துனன், மனைவியின் தம்பி. அவன் மாடிக்குப் போய் வந்தான். அடுத்து பதினேழு. ரைட்டர் தொப்பியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். பதினெட்டைக் கூப்பிட்டார்கள்.

விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தார். பத்தொன்பது போனார், இருபது போனார், நாற்பத்தொன்று போனார். பதினேழை யாரும் கூப்பிடவில்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் ரைட்டர் போய் உட்கார்ந்தால் பேச்சு மழைக்கு மாறும். மழை வருமா, வராதா. மழைக்கும் அந்தக் கூடத்துக்கும் அதுவரை பேச்சுவார்த்தையே இருந்ததில்லை. ஒரு நாள் ஆயுதக் கிடங்குக்காரர் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"என்ன ரைட்டர், மூணு நகலும் நீ எடுத்துக்கிட்டே. அசலை மட்டும் அவருக்கு விட்டுட்டு வந்தியாக்கும். நல்ல மனசுய்யா உனக்கு."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று ரைட்டருக்கு இருந்தது.

மைத்துனனிடம் கேட்டார். "நீயாவது சொல்லுடா, நான் வேணும்னு வச்சேன்னு நினைக்கிறியா?" அவன், "விடுங்க மாமா, நடந்தது நடந்துபோச்சு" என்று வண்டியை உதைத்தான். மனைவியிடம் கேட்டார். அவள் அவருடைய காக்கிச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பெட்டியை ஒரே இடத்தில் அழுத்தினாள். காலர் கிழிந்திருக்கிறது, புதுசு வாங்க வேண்டும் என்றாள். தம்பி ஒரு பக்கம், புருஷன் ஒரு பக்கம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்றால் மத்தளம் என்ன பதில் சொல்லும்?

வேறு வழியில்லாமல் அவரே மாடிக்குப் போனார். பெரியவர் அப்போதுதான் அறையிலிருந்து வெளியே வந்தார். கீழே முற்றத்தில் மாலை அணிவகுப்புக்கு எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். ரைட்டர் விறைப்பாக நின்று, ஐயா என்னை மட்டும் கூப்பிடவில்லையே என்றார். சொல்லும்போதே, பந்தியில் தன் இலையைத் தாண்டிப் போய்விட்டார்கள் என்று புகார் செய்கிறவன்போலத் தோன்றியது.

பெரியவர் சிரித்தார். கைப்பிடிச் சுவர் ஓரமாக, முற்றத்துக்கு நன்றாகத் தெரியும்படி, அவர் தோளில் கை போட்டார்.

"உங்களை எதுக்குக் கூப்பிடணும்? உங்களை எனக்குத் தெரியாதா?"

மூன்று தட்டு. ஒன்று, இரண்டு, மூன்று. கீழே நாற்பது முகங்கள் நிமிர்ந்தன, பிறகு குனிந்தன. இருபத்துநாலு வருஷத்தில் ஒரு மேலதிகாரி ரைட்டரைத் தொட்டது அதுவே முதல் தடவை. ஓங்கி அறைந்திருந்தால்கூட அவர் நிமிர்ந்தே படி இறங்கியிருப்பார்.

ஸ்டெப்னி மட்டும் கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. ஜீப் சாவியை வாங்கிக்கொண்டார்கள். ஆயுதக் கிடங்கு வாசலில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் டியூட்டி கொடுத்தார்கள். அவனுக்கு முழங்கால் தேய்மானம் என்ற மருத்துவச் சீட்டு, ரைட்டரின் கோப்பிலேயேதான் இருந்தது. தினம் இரண்டு தடவை அவன் உடுப்புப் பெட்டியைக் கவிழ்த்துச் சோதனை. ஒரு பித்தான் குறைந்ததற்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை. அவன் டியூட்டி பார்த்துக் கொடுத்த நாற்பது பேரில் ஒருவரும் அந்த வாசலில் அவனுக்காக ஒரு மணி நேரம் நிற்க முன்வரவில்லை. மூன்றாவது வாரம் மாற்றல் உத்தரவு வந்தது. மலைக்கு அந்தப் பக்கம், எல்லைச் சாவடி. இரண்டு நாளில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதையும் ரைட்டர்தான் தட்டச்சு செய்தார். இந்தத் தடவை ஓரம் சரிசெய்யவில்லை.

உத்தரவு மாடிக்குப் போனதும் அவர் தட்டச்சு இயந்திரத்தில் இன்னொரு தாளைச் செருகினார். 'பட்டியலில் பதினேழாவதாக உள்ள கையெழுத்து என்னுடையது. விவரம் அறிந்தே இட்டேன். யாரும் தூண்டவில்லை. திரும்பப் பெறவில்லை.' அதைத் தானே தபால் பதிவேட்டில் ஏற்றி எண் கொடுத்தார். அந்தப் பதிவேட்டில் எண் விழுந்த காகிதத்தைக் கடவுளே கிழித்தாலும், ஏன் கிழித்தீர் என்று அவருக்கு ஒரு குறிப்பாணை போகும். ரைட்டரின் வாழ்நாள் வீரம் முழுவதும் அந்த நான்கு இலக்க எண்ணில் இருந்தது. மாற்றலோ தற்காலிக நீக்கமோ, எது வந்தாலும் வரட்டும் என்று தன் மேஜை இழுப்பறையைக்கூடச் சுத்தம் செய்து வைத்தார்.

மறுநாள் கடிதம் திரும்பி வந்தது. மேலே பச்சை மையில், 'பார்த்தேன். கோப்பில் வைக்கவும்.' அவ்வளவுதான். சாப்பாட்டுக் கூடத்துக்கு அவருக்கு முன்னாலேயே செய்தி போயிருந்தது. பெரியவரும் ரைட்டரும் சேர்ந்து போடும் நாடகத்தைப் பார் என்று ஆயுதக் கிடங்குக்காரர் சொன்னதாக மைத்துனன் சொன்னான். அவன் முகத்திலும் அது நாடகம் இல்லை என்று எழுதியிருக்கவில்லை.

அன்று மத்தியானம் ரைட்டர் குவார்ட்டர்ஸுக்குப் போனார். லாரியில் பாதிச் சாமான் ஏறியிருந்தது. மீதி வாசலில், வெயிலில் கிடந்தது. சுருட்டிய பாய், கால் ஒடிந்த மேஜை, தையல் இயந்திரம். வரிசையில் இருபது வீடு, அத்தனை ஜன்னலும் சாத்தியிருந்தது. ஸ்டெப்னியின் மனைவி ரைட்டரைப் பார்த்ததும் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். உள்ளே போய்விட்டாள்.

ஸ்டெப்னி ஒரு காலை நீட்டியபடி தையல் இயந்திரத்தின் மறுமுனையைக் காட்டினான். ரைட்டர் பிடித்தார். இரண்டு பேருமாகத் தூக்கி லாரியில் ஏற்றினார்கள். ரைட்டருக்கு மூச்சு வாங்கியது. ஸ்டெப்னி கயிற்றை இழுத்துக் கட்டத் தொடங்கினான்.

"நான் கடுதாசி கொடுத்தேன். பதிவேட்டுல நம்பர் போட்டு."

"கேள்விப்பட்டேண்ணே."

"அன்னைக்கு ஜீப்புக்கு அடியில இருந்து சரின்னு சொன்னியே. அது என்ன சரின்னு எனக்கு இன்னிக்குத் தெரியணும். நான் வேணும்னுதான் அந்தத் தாளை வச்சேன்னு நினைக்கிறியா? மழை, காலர், நடந்தது நடந்துபோச்சு, இதெல்லாம் நான் நிறையக் கேட்டாச்சு. ஆமான்னா ஆமான்னு சொல்லிடு."

ஸ்டெப்னி முடிச்சை இறுக்கினான். இழுத்துப் பார்த்தான். பிறகு திரும்பி, மூன்று வாரத்தில் முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்தான்.

"முதல் ரெண்டு நாள் நினைச்சேன். அப்புறம் இல்லை. நீங்க மறதியாத்தான் விட்டீங்க, அது எனக்குத் தெரியும். ஆனா நம்ம ஆளுங்ககிட்ட நான் அதைச் சொல்லலை. ஒருத்தன்கிட்டகூடச் சொல்லலை. நீங்க காட்டிக்கொடுத்தீங்கன்னு இருந்தா, அவங்க கையெழுத்தை வாபஸ் வாங்கினதுக்கு ஒரு காரணம் இருக்கு. அது இல்லேன்னா, ஒரு டீக்குப் பயந்துட்டோம்னு ஆயிடும். அப்படி ஆயிட்டா அவனுங்க கண்ணாடி பார்க்க மாட்டானுங்க, சங்கத்துப் பக்கமும் திரும்ப வரமாட்டானுங்க. உங்களைத் திட்டிக்கிட்டாவது ஒருநாள் வருவானுங்க. அதனாலதாண்ணே, தெரிஞ்சே உங்களை அந்தப் பழியில விட்டுட்டேன்."