பட்டியலில் இல்லாத அண்ணன்

அண்ணன் ஷஹாத்தாவின் பெயரைப் பட்டியலிலிருந்து ஹிக்மத்தே தன் கையால் அடித்திருந்தாள். பக்கவாதம் வந்து பிழைத்தவர்களில் எத்தனை பேருக்கு மறதிநோய் வருகிறது என்று அலெக்சாந்திரியாவில் அவள் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வு நடந்தது. பெயர்களைச் சலித்தெடுப்பது அவள் பொறுப்பு. பேச்சு போனவர்கள் வேண்டாம்; கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வார்கள்? முன்பே ஞாபகம் தடுமாறியவர்கள் வேண்டாம். ஆறாம் மாதச் சோதனைக்கு நேரில் வர முடியாதவர்களும் வேண்டாம். நூற்றெண்பது பேரில் எழுபத்தைந்து பேர் தேறினார்கள். அவர்களில் ஆறு பேருக்கு மறதிநோய்.

நூற்றுக்கு எட்டுதானா என்று மேலிடம் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. தொடங்குவதாக இருந்த மறதிநோய்ப் பிரிவைக் கைவிட்டது. ஹிக்மத் அதைத்தான் மலைபோல் நம்பியிருந்தாள். டிராம் ஓட்டிய அண்ணனுக்குப் பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு வார்த்தை வராது. போனது பேச்சு மட்டுமா, புத்தியுமா? அங்கே சோதித்து அது தெரிந்தால்தான் அவரை அடுப்போடு தனியே விட்டு அவள் வேலைக்கு வரலாம். இல்லாவிட்டால் வேலையை விட வேண்டும்.

ஆய்வை நடத்திய டாக்டர் லுத்ஃபியிடம் போய் நின்றாள்.

"டாக்டர், நாம அடிச்ச நூத்தஞ்சு பேர்ல எத்தனை பேருக்கு இருக்கும்?"

"அது தெரியாதும்மா."

"தெரியாதுன்னா இல்லன்னு அர்த்தமா?"

"அப்படி நான் எங்கயும் எழுதலையே."

"அவங்க அப்படித்தானே படிச்சிருக்காங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் மேல் கோபப்படுவதா, தன் பேனா மேலா என்று அவளுக்கு விளங்கவில்லை. விதிப்படிதானே செய்தாள்? பாவி, எவ்வளவு ஒழுங்காகச் செய்தாள்!

வெள்ளிக்கிழமை மதியம் மீன் பொரித்தாள். தேதி என்ன, ஊர் எது என்று ஆய்வுக் கேள்விகளை அண்ணனிடம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "நான் யாருண்ணே?" என்றாள்.

ஷஹாத்தா இடக்கையால் மீனைப் பிட்டு, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டு, சதையை அவள் ரொட்டியில் வைத்தார். சின்ன வயதில் அவள் தொண்டையில் முள் சிக்கிய நாளிலிருந்து அவர் செய்வது அது. ஹிக்மத்துக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. ஞாபகம் இருக்கிறது!

அவர் இன்னொரு துண்டு எடுத்தார். அதிலும் பொறுமையாக முள் நீக்கினார். போன குளிர்காலத்தில் இறந்துபோன மனைவி இஹ்ஸான் உட்காரும் இடத்தில் அதை வைத்துவிட்டு, அவள் சாப்பிடட்டும் என்று காத்திருந்தார்.