மைக்கம்மாவின் தும்மல்

சாதாரண மனுஷி தும்மினால் பக்கத்தில் இருக்கிற ஒருத்தர் திரும்பிப் பார்ப்பார். மைக்கம்மா தும்மினால் பேருந்து நிலையமே திரும்பிப் பார்த்தது. கூரைக்குக் கீழே வரிசையாகத் தொங்கிய அத்தனை ஒலிபெருக்கியிலும் அந்தத் தும்மல் ஏறி, கழிப்பறைச் சுவர் வரைக்கும் போய் மோதித் திரும்பி வரும். தோளில் தூங்குகிற குழந்தைகள் வீரிட்டு எழும். "ஆறாம் மேடையில் நிற்கும் வண்டி இன்னும் சிறிது நேரத்தில்... ஹ்ஹ... ஹச்!" வண்டி கிளம்புமா கிளம்பாதா என்று தெரியாமல் சனம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கேயும் இங்கேயும் ஓடும்.

மைக்கம்மா என்று பெயர் வைத்தது ஓட்டுநர்கள். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடை என்று நாள் முழுக்க மைக்கில் சொல்வதுதான் அவள் வேலை. நல்ல குரல். வண்டியைத் தவறவிட்டவனுக்குக்கூட அந்தக் குரலில் கேட்டால் கோபம் வராது என்பார்கள். அவளுக்கும் அதில் கொஞ்சம் கர்வம்தான். இருக்கக் கூடாதா என்ன? ஊரில் எத்தனை பேர் சொல்லி எத்தனை பேர் கேட்கிறார்கள்! இவள் ஒருத்தி "ஏறவும்" என்றால் ஐம்பது பேர் ஏறினார்கள்.

தும்மல் பிடித்து ஒரு வருஷம் ஆகிறது. மூக்கு கொழகொழவென்று ஒழுகும், கண் அரிக்கும், தொண்டைக்குள் யாரோ இறகை விட்டுக் குடைவார்கள். நிலைய மேலாளர் கெட்ட மனுஷன் இல்லை, ஆனால் அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள்.

"இந்தா பாரும்மா, பதிவு பண்ணின குரல்ல பேசற மிஷினை வாங்கி வெச்சிருக்காங்க. மாசக் கடைசியில தலைமை ஆபீஸ்லேர்ந்து வந்து ஒரு நாள் பூரா உக்காந்து கேப்பாங்க. அன்னிக்கு ஒழுங்காப் பேசினா நீ இருப்பே. தும்மினா மிஷின். உன்னை பெட்டி வைக்கிற ரூமுக்கு மாத்திடுவாங்க. நான் என்னம்மா பண்ணட்டும்?"

பெட்டி வைக்கிற அறை நிலையத்தின் பின்பக்கம், சன்னல் இல்லாத இடம். அங்கே பேசுவதென்றால் பெட்டிகளோடுதான் பேச வேண்டும்.

டாக்டரிடம் போகாமலா இருந்தாள்? போனாள். கையில் வரிசையாகக் கீறி, மருந்து வைத்துப் பார்த்தார்கள். வீட்டுத் தூசி, பூனை முடி, மகரந்தம், முட்டை, இறால், ஒன்றுமே இல்லை. "ஏதோ ஒண்ணு ஒத்துக்கலை. எதுன்னு நீங்கதான் கவனிச்சுக் கண்டுபிடிச்சு ஒதுக்கணும்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரையில் தும்மல் நின்றது, கூடவே மைக்கம்மாவின் புத்தியும் நின்றது. கண் செருகிப் போய், மலைக்குப் போகிற வண்டியைக் கடற்கரை வண்டி என்று அறிவித்துவிட்டாள். துண்டும் நீச்சல் உடுப்புமாக வந்த ஒரு குடும்பம் குளிரில் நடுங்கிக்கொண்டு மலையிலிருந்து போன் போட்டுத் திட்டியது. தூக்கம் வராத மாத்திரை என்று மாற்றிக் கொடுத்தார். அதற்குத் தும்மல் அசைந்துகூடக் கொடுக்கவில்லை.

அப்புறம்தான் நாத்தனார் களத்தில் இறங்கினாள். நாத்தனார் என்றால் வீட்டுக்காரரின் அக்கா, பக்கத்துத் தெருவில் குடியிருப்பவள். யாருக்கு எந்த வியாதி வந்தாலும் அது அவளுக்கு முன்னாடியே வந்து, கைவைத்தியத்தில் ஓடிப்போயிருக்கும். நல்ல மனசு, அதைக் குறை சொன்னால் வாய் வெந்துவிடும். ஆனால் அந்த நல்ல மனசிடம் மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும் அதன் பாடு.

"டாக்டர் கெடக்கறான், விடு. நான் சொல்றதைச் செய். தேன்ல மிளகைப் போட்டு நக்கு."

நக்கினாள். போர்வையைப் போர்த்திக்கொண்டு வெந்நீர் ஆவி பிடித்தாள். உப்புத் தண்ணீரை ஒரு மூக்கில் விட்டு மறு மூக்கில் வரவழைக்கச் சொன்னதில் பாதி மூளைக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது. பாலை நிறுத்து என்றாள் நாத்தனார், நிறுத்தினாள். அப்புறம் எவரோ பால்தான் மருந்து என்று சொல்ல, மஞ்சளோடு அதே பால் திரும்பி வந்தது. வெங்காயத்தை அறுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்ததில் தும்மலோடு அழுகையும் சேர்ந்துகொண்டது. கையில் காந்த வளையல் போட்டாள். மைக்கைத் தொட்டாலே டப்பென்று போய் ஒட்டிக்கொண்டது.

இதையெல்லாம் அரைத்து, காய்ச்சி, வடிகட்டிக் கொடுத்தது யார்? வீட்டுக்காரர்தான். தச்சுப் பட்டறை ஒன்றில் அலமாரி செய்கிறவர். கையில் இழைப்புளி பிடித்தால் மரம் அவர் பேச்சைக் கேட்கும். பெண்டாட்டியின் மூக்கு மட்டும் கேட்கவில்லையே என்று மனுஷன் உருகிப்போனார். அக்கா சொன்ன கஷாயத்தை விடியற்காலையில் எழுந்து காய்ச்சி பிளாஸ்க்கில் ஊற்றிப் பட்டறைக்கு எடுத்துப் போவார். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் சைக்கிளை மிதித்துக்கொண்டு நிலையத்துக்கு வந்துவிடுவார். புருவத்திலும் முடியிலும் மரத்தூளோடு அந்தக் குட்டிக் கண்ணாடி அறைக்குள் புகுந்து, முக்காலியில் உட்கார்ந்து, அவள் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிக்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்.

"கசக்குதுங்க."

"கசந்தாத்தான் கேக்கும். மூக்கைப் பிடிச்சிட்டுக் குடி. என் ராசாத்தி இல்ல?"

கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துக்கு அப்புறம் இப்படிக் கெஞ்சுகிற ஆள் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அவள் குடித்தாள். குடித்துவிட்டுத் தும்மினாள்.

அந்த வருஷம் பட்டறைக்கு நல்ல காலம். பெரிய ஓட்டல் ஒன்றுக்கு அறைக்கு அறை அலமாரி செய்கிற வேலை, இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஓடும். ஏதோ தூர தேசத்து மரம், பட்டறையில் வாசமரம் என்பார்கள். அந்த மரத்தில் அலமாரி செய்தால் துணியைப் பூச்சி அரிக்காது. வாசலில் சைக்கிள் நிற்கும் முன்பே அந்த வாசம் வீட்டுக்குள் வந்துவிடும். அவளுக்கும் அது பிடித்திருந்தது. வேலையில் இவர் காட்டிய நறுவிசைப் பார்த்து இவரையே தலைமைத் தச்சராக்கியிருந்தார்கள்.

மாசக் கடைசி நெருங்கும்போது, செய்த அலமாரிகளைப் பொருத்த அவர் ஓட்டலுக்கே போய் ஒரு வாரம் தங்க வேண்டி வந்தது. போகும்போது அக்காவிடம் ஆயிரம் சொல்லிவிட்டுப் போனார். நாத்தனாரும் புதிதாக ஒரு மருந்தோடு வந்தாள். சின்னச் சின்ன சர்க்கரை உருண்டைகள், நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தும்மல் நின்றது.

சும்மா குறையவில்லை, அடியோடு நின்றது. மைக்கம்மாவுக்கே நம்ப முடியவில்லை. காலையில் எழுந்ததும் மூச்சு இரண்டு மூக்கிலும் சுளுவாகப் போய் வந்தது. குரல் மணி மாதிரி விழுந்தது. ஓட்டுநர்கள் கண்ணாடியைத் தட்டி, "என்ன மைக்கம்மா, தும்மலை எங்க வித்தே?" என்று கேலி செய்தார்கள். நாத்தனாரைக் கேட்க வேண்டுமா? தெருவில் அவள் கால் தரையில் பாவவில்லை. போனில் செய்தி கேட்டு வீட்டுக்காரர் போட்ட கூச்சலில் ஓட்டல்காரர்களே என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்களாம்.

வாரம் முடிந்து அவர் திரும்பினபோது கையில் ஒரு தலையணை இருந்தது.

"அக்கா போன்ல சொல்லிச்சு, பஞ்சுத் தலையணைதான் தூசி பிடிக்குமாம், மரச் சீவல் அடைச்சதுன்னா மறுபடி தும்மலே வராதாம். அதான். மிஷின்ல சீவினா கட்டையா வரும், குத்தும். நான் கையாலயே இழைச்சேன். வெங்காயச் சருகு மாதிரி இருக்கு பாரு. தினம் வேலை முடிஞ்சு கொஞ்சம் கொஞ்சமா." உறையையும் அவரே தைத்திருந்தார். தையல் கோணல் மாணலாக ஓடியிருந்தது. மரத்தில் மயிரிழை தவறாத கை, துணியில் தடுமாறியிருந்தது.

அவளுக்கு நெஞ்சு பொங்கிவிட்டது. தலையணையை வாங்கி அப்படியே முகத்தைப் புதைத்து ஆழமாக மூச்சை இழுத்தாள். வாசமரத்தின் வாசம்.

இழுத்த மூச்சு பாதியில் நின்றது. தொண்டைக்குள் இறகு புகுந்தது. கண் இரண்டும் குபுகுபுவென்று வழிந்தன. தும்மினாள், தும்மினாள், சுவரைப் பிடித்துக்கொண்டு தும்மினாள். ஒரு வருஷம், அந்த மரம் வந்த அதே ஒரு வருஷம் என்று அப்போதுதான் மண்டையில் உறைத்தது. மத்தியானம் பிளாஸ்க்கோடு அவர் வந்து உட்கார்ந்துபோன பிறகுதான் தும்மல் உச்சத்துக்குப் போகும் என்பதும் கூடவே உறைத்தது. கடவுளே, இந்த மனுஷன் மேல ஒட்டி வர்ற தூளா!

"அட, எதுக்கு அழறே? ஒரு தலையணைதானே!" என்று வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே அவள் முதுகைத் தடவினார். அவர் சட்டையிலிருந்து தூள் உதிர்ந்தது.

சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷமே வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். மறுநாளே இழைப்புளியைப் பட்டறையில் வைத்துவிட்டு வந்து நிற்பார். ஒரு வார்த்தை முணுமுணுக்க மாட்டார். அந்த வயசில், வேறு தொழில் தெரியாத கையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? சொல்லாவிட்டால் மைக் போகும். சொன்னால் இவர் தொழில் போகும். மென்று விழுங்கினாள்.

"சந்தோஷத்துலதாங்க" என்றாள்.

பின்வந்த நாட்கள் பெரும்பாடு. வந்ததும் குளிங்க என்றாள். சட்டையை வாசலிலேயே கழற்றுங்க என்றாள். அக்கா சொன்னாங்க என்று அதற்கு ஒரு பொய். அவர் எல்லாவற்றையும் செய்தார், முடிக்குள் ஒளிந்த தூளை யார் எடுப்பது? அவர் தூங்கின பிறகு தலையணையை மெதுவாக உருவிக் கட்டிலுக்குக் கீழே தள்ளுவாள். காலையில் அது ஒழுங்காக அவள் தலைக்குக் கீழே இருக்கும். அவர்தான், பாவம், கீழே விழுந்துவிட்டதென்று எடுத்து வைத்திருப்பார். நாத்தனாரோ, "பத்தியம் கெட்டுப்போச்சு, என்னத்தையோ திருட்டுத்தனமாத் தின்னிருக்கா" என்று தீர்ப்பு எழுதிவிட்டாள்.

தலைமை அலுவலகத்து ஆட்கள் வருவதற்கு முந்தின நாள், வீட்டில் சோறு போடும்போது பேச்சை எடுத்தாள்.

"நாளைக்கு மட்டும் நீங்க மத்தியானம் வர வேணாங்க."

"ஏன்? நாளைக்குத்தானே முக்கியமா மருந்து வேணும்?"

"அவங்க எல்லாம் இருப்பாங்க. எனக்குக் கூச்சமா இருக்கும்."

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். அப்புறம் சோறு கேட்கவில்லை.

மறுநாள் காலையில் எல்லாம் தோதாக அமைந்தது. முந்தின ராத்திரி தலைவலி என்று சொல்லி அவள் சமையலறையில் தனியாகப் படுத்திருந்தாள். பொழுது ஏற ஏற மூக்கு திறந்துகொண்டது. தலைமை அலுவலகத்துக்காரர்கள் மூன்று பேர் பயணிகள் பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்திலேயே மிஷின், பெட்டி பிரிக்காமல். மைக்கம்மா பேசினாள். ஒரு பிசிறு இல்லை. மேலாளர் தூரத்திலிருந்து கட்டைவிரலைக் காட்டினார்.

மத்தியானம் அவள் மைக்கைப் போட்டு, "இரண்டாம் மேடையில் நிற்கும் வண்டி..." என்று தொடங்கும்போது கண்ணாடிக் கதவு திறந்தது. வீட்டுக்காரர். கையில் பிளாஸ்க், பட்டறையிலிருந்து நேரே ஓடி வந்த கோலம். மனசு கேட்கவில்லை அவருக்கு. முகமெல்லாம் அசட்டுச் சிரிப்பு. வாசம் அவருக்கு முன்னால் உள்ளே வந்துவிட்டது. அவளுக்குத் தொண்டையில் இறகு அசைந்தது.

"உள்ள வராதீங்க!" என்று அலறினாள்.

மைக் போட்டபடி இருந்தது. கூரை முழுக்க அலறியது. வண்டியில் ஏறப் போனவர்கள் தூக்கின காலை அப்படியே நிறுத்தினார்கள்.

"என்னம்மா ஆச்சு?" என்று அவர் பதறி ஒரு எட்டு வைத்தார்.

"கிட்ட வராதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்! நீங்க வந்தாதான் எனக்குத் தும்மல் வருது! உங்க மேல இருக்கற அந்த மரம்தாங்க எனக்கு ஒத்துக்கலை!"

யாரோ ஒருத்தர் சிரித்தார். சிரிப்பு ஒவ்வொரு மேடையாகத் தாவிப் போயிற்று. "புருஷனே அலர்ஜியாம்டா!" என்று ஓர் ஓட்டுநர் கத்தினார். அவருக்கு அது நல்ல நகைச்சுவை.

வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். கையில் இருந்த பிளாஸ்க்கைப் பார்த்தார். அதைக் கதவுக்கு வெளியே தரையில் வைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே கூட்டத்துக்குள் போனார்.

"இரண்டாம் மேடையில் நிற்கும் வண்டி புறப்படத் தயாராக உள்ளது. பயணிகள் ஏறவும்" என்றாள் மைக்கம்மா. தும்மல் வரவில்லை. குரல் சுத்தமாக இருந்தது, அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. சாயங்காலம் மேலாளர் வந்து, மிஷினைத் திருப்பி எடுத்துப் போகிறார்கள், வீட்டு விவகாரத்தை மட்டும் மைக்கில் பேச வேண்டாம் என்று சொன்னார்கள் என்றார். அவள் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அவர் வீட்டுக்குள் இல்லை. மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தார். முடியை ஒட்ட வெட்டியிருந்தார், மீசையும் இல்லை. புருவத்தைக்கூடத் தேய்த்துத் தேய்த்துச் சிவக்க வைத்திருந்தார். உடம்பு இன்னும் ஈரம். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பை, வாய் இறுகக் கட்டியிருந்தது. உள்ளே தலையணை தெரிந்தது.

"சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"எப்படிங்க சொல்வேன்?"

"ஒரு வருஷமா உனக்கு மருந்து கொண்டுவர்றதா நெனச்சிட்டிருந்தேன்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்தத் தடவை நிஜ அழுகை. "வேலையை விடறேன் கிடறேன்னு பேசினீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்றாள். அவர் பிளாஸ்டிக் பையின் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினார். எழுந்து நின்றார். ஆனால் நின்ற படியை விட்டு நகரவில்லை.

"நாலு வாட்டி சோப்பு போட்டுக் குளிச்சிட்டேன்" என்றார். பட்டறையையே ஆட்டிவைக்கிற மனுஷன் வெட்டின முடியோடு சின்னப் பையன் மாதிரி நின்றார். "இப்ப கிட்ட வரலாமா?"

"வாங்க" என்றாள்.

வந்தார். அவள் அவர் நெஞ்சில் முகத்தை வைத்தாள். சோப்பு வாசம், அதற்கு அடியில், தோலுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, லேசாக வாசமரம். அவர் அசையாமல் நின்றார், அவளுக்குத் தும்மல் வருகிறதா என்று காத்துக்கொண்டு. தொண்டையில் அந்த இறகு மெல்ல அசைந்தது. அவள் பல்லைக் கடித்து மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.