வெள்ளிக்கிழமை இருபத்தேழு

மகள் நதியா புற்றுக்குள் கம்பி விட்ட நாளிலிருந்து அம்முலுவுக்கு நிம்மதி போய்விட்டது. அது என்ன சாதாரணப் புற்றா? உத்திரமேரூருக்குத் தெற்கே, ஏரிக்கரை ஓரம் இருக்கிற அந்தப் பத்து வீட்டு இருளர் குடியிருப்புக்கே அதுதான் கோயில். ஆள் உயரத்துக்கு எழும்பி, உச்சியில் வாய் திறந்து நிற்கும். உள்ளே கன்னியம்மா இருக்கிறாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பெண் அந்தக் கன்னியம்மா வீட்டுக்குள் தெர்மாமீட்டர் கம்பியைச் செருகி, அம்மனுக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்ப்பதுபோல் தினம் மூன்று வேளை பார்த்துக்கொண்டிருந்தால், பெற்றவளுக்கு எப்படித் தூக்கம் வரும்?

"சாமி வூட்ல இன்னாடி உனுக்கு வேல?"

"சாமிய ஒண்ணும் பண்லம்மா. உள்ள கீற கரையானுங்க எவ்ளோ சூட்டுல வாழுதுன்னு பாக்குறேன். மாவட்டப் போட்டிக்கு."

அறிவியல் ஆசிரியர் ஐசக் அம்முலுவைப் பார்க்கக் குடியிருப்புக்கே வந்துவிட்டார். போட்டியில் மாவட்டத்துக்கு ஐந்து பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பார்களாம். அந்த ஐந்து பேருக்கும் மே மாதம் பெங்களூரில் ஒரு பெரிய ஆராய்ச்சிக் கூடத்தில் பத்து நாள் முகாம். விஞ்ஞானிகள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை கற்கலாம், போக வர, தங்க, சாப்பிட எல்லாம் அவர்கள் பொறுப்பு. அந்தக் குடியிருப்பிலிருந்து பெங்களூர் போனவர்கள் உண்டுதான், செங்கல் சூளைக்கு. அம்முலுவே சின்ன வயதில் அப்படிப் போனவள். அதே ஊருக்கு மகள் பெட்டியோடும் பேனாவோடும் போகப்போகிறாள் என்றால் எந்தத் தாய் வேண்டாம் என்பாள்?

"சரி சார்" என்றாள். வாய்தான் சொன்னது, மனசு சொல்லவில்லை.

அதனால் கன்னியம்மாவோடு அவளே ஒரு தனி ஒப்பந்தம் செய்துகொண்டாள். வெள்ளிக்கிழமைதோறும் விடிகாலை ஐந்து மணிக்கு, நதியா எழுவதற்கு முன், ராத்திரி முழுக்க வாசலில் குளிர்ந்து கிடந்த ஒரு குடம் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்துப் புற்றின் வாயில் ஊற்றினாள். "கொழந்த தெரியாம பண்ணுது தாயே, கோவிச்சிக்காத" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இரண்டு மாசத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் அதில் விழக்கூடாது என்று நதியா குடியிருப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்ததால், ஈரம் தெரியாமல் மேலே காய்ந்த மண்ணையும் தூவிவிட்டு வந்தாள். மகளுக்குத் தெரியாது, வாத்தியாருக்குத் தெரியாது. கன்னியம்மாவுக்குத் தெரியும், ஆனால் அவள் யாரிடமும் சொல்லப்போவதில்லை. தெர்மாமீட்டர் சொல்லிவிடும் என்பது அம்முலுவுக்கு எப்படித் தெரியும், பாவம்!

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை ஏனாத்தூரில் போட்டி. மாகறல் வழியாகப் பஸ் பிடித்து, காஞ்சிபுரத்தில் மாறி, தாயும் மகளும் ஐசக்கும் போய்ச் சேர்ந்தபோது மண்டபம் திருவிழாவாக இருந்தது. தானாக ஓடும் வண்டி, கை தட்டினால் எரியும் விளக்கு, கோடு பார்த்து நடக்கும் பொம்மை மனிதன். நடுவில் நதியாவின் மேஜை மேல் ஒரு நோட்டு, ஒரு தெர்மாமீட்டர், கையால் வரைந்த ஒரு சார்ட். ஆசிரியர்கள் வெளியே நிற்க வேண்டும் என்று ஐசக்கை அனுப்பிவிட்டார்கள். பெற்றோர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் உட்காரலாம். அம்முலு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

நடுவர்கள் இரண்டு பேர். பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் கல்பனா என்ற பேராசிரியை ஒருவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி மற்றவர். கல்பனா நோட்டை நின்றபடியே புரட்டினார்.

"வெளிய இருபதுலேர்ந்து முப்பத்திநாலு வரைக்கும் ஏறி எறங்குது. உள்ள மட்டும் முப்பது டிகிரியிலயே நிக்குது. ரொம்ப நல்லா செஞ்சிருக்கே" என்றவர், விரலை ஓர் இடத்தில் நிறுத்தினார். "ஆனா இது என்னம்மா? வெள்ளிக்கிழமை காலைல மட்டும் இருபத்தேழு?"

"தெரியல மேடம். நானும் யோசிச்சிப் பாத்தேன். பேட்டரிகூட மாத்திப் பாத்தேன்."

கிருஷ்ணசாமி நோட்டை வாங்கிக் கண்ணருகே பிடித்தார். "எட்டு வெள்ளிக்கிழமை, எட்டுலயும் இருபத்தேழு. கரையானுக்குக் கிழமை தெரியுமா? உண்மையச் சொல்லு பாப்பா, வீட்டுல உக்காந்து எழுதினதுதானே?"

"இல்ல சார். கண்ணால பாத்ததத்தான் எழுதினேன்." நதியா நோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அம்முலு நிமிர்ந்து உட்கார்ந்தாள். கணக்கு ஒன்றும் அவளுக்குப் புரியவில்லை, வெள்ளிக்கிழமை என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. சும்மா இருந்தால் பெண்ணைப் பொய் சொன்னவள் என்பார்கள். வாயைத் திறந்தால் சோதனையே கெட்டுப்போச்சு என்பார்கள். இரண்டில் எது நடந்தாலும் பெங்களூர் கைவிட்டுப் போனதுதான். ஆனால் செய்யாத பொய்யைத் தன் பெண் சுமக்கக்கூடாது. அவள் கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே வந்துவிட்டாள்.

"ஐயா, அது மேல தப்பு இல்லீங்க. நான்தான் ஊத்தினேன். வெள்ளிக்கெயம காலைல ஒரு கொடம் மஞ்சத் தண்ணி, புத்து வாயில. சாமி கோவிச்சிக்கும்னு பயந்துகினு பண்ணிட்டேன்."

"ம்மா!" என்றாள் நதியா. அந்த ஒரு சொல்லிலேயே அத்தனை திட்டும் இருந்தது. எட்டு வாரம், பனியிலும் தூறலிலும் எழுந்து போய் எடுத்த கணக்கு. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அம்முலு மகளைத் தொடக்கூட அஞ்சி, முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

கல்பனா மட்டும் வேறு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தன மணிக்கு ஊத்துவீங்க?"

"அஞ்சு மணிங்க. மொத பஸ் ஆரன் அடிக்கும்."

"எட்டு வாரமும் அதே கொடம்தானா?"

"எங்கிட்ட கீறதே ஒரு கொடம்தாங்க."

கல்பனா நோட்டைக் கிருஷ்ணசாமியிடமிருந்து வாங்கி நதியா பக்கம் திருப்பி வைத்தார். "அழாதே. இப்போ நீதான் சொல்லணும். அஞ்சு மணிக்கு அம்மா ஊத்தியாச்சு. அதுக்கப்புறம்?"

நதியா மூக்கைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். "ஆறு மணிக்கு இருபத்தேழு. ஸ்கூலுக்குப் போறப்போ இருபத்தெட்டரை. சாயங்காலம் முப்பது." அடுத்த வாரத்தைப் பார்த்தாள். அதற்கடுத்ததைப் பார்த்தாள். அவள் புரட்டுகிற வேகம் கூடிக்கொண்டே போயிற்று. "மேடம், எட்டு வாட்டியும் சாயங்காலத்துக்குள்ள திரும்ப முப்பதுக்கு வந்துட்ச்சி!"

"வெயில்ல காஞ்சிருக்கும்" என்றார் கிருஷ்ணசாமி.

"இல்ல சார், இந்த வெள்ளிக்கெயம பாருங்க. அன்னிக்குப் பூரா தூறல். வெளிய இருபத்தஞ்ச தாண்டவே இல்ல. ஆனா உள்ள முப்பது…"

பேச்சு பாதியில் நின்றது. தான் சொன்னது அப்போதுதான் அவளுக்கே கேட்டது போலும்.

"அப்போ அந்தச் சூடு எங்கேர்ந்து வந்துது?" கல்பனா குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"வெளியேர்ந்து வர்ல மேடம். அதுங்களே… உள்ள அதுங்களே பண்ணிக்கினு கீதுங்க."

"ஆமா. லட்சக்கணக்குல இருக்கும். உள்ளயே காளான் தோட்டம் போட்டு வளக்கும். அதுங்க மூச்சும் அந்தத் தோட்டத்தோட மூச்சும் சேந்துதான் அந்த வீட்டச் சூடா வெச்சிருக்கு. வெள்ளம் வந்தாலும் கூட, அழிஞ்சத அடைச்சி, நனஞ்சத மாத்தி, பொழுது சாயறதுக்குள்ள பழையபடி கொண்டுவந்துடுது." கல்பனா அம்முலுவைப் பார்த்தார். "நதியா அந்த வீடு எவ்வளவு சூடுன்னு மட்டும்தான் பாத்தா. அத ஒடச்சா என்ன ஆகும்னு நீங்க காட்டிட்டீங்க. இவ ஒரு வெள்ளிக்கிழமையக்கூட அழிச்சித் திருத்தல பாருங்க, அதனாலதான் நமக்கு இது தெரியுது."

அம்முலுவுக்குக் கையில் மயிர் சிலிர்த்துக்கொண்டது. பிறந்ததிலிருந்து கும்பிட்ட புற்று. உள்ளே ஒருத்தி இருக்கிறாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். லட்சம் பேர் இருக்கிறார்களாம், லட்சம் பேரும் சேர்ந்து ஒரே மூச்சாக அந்த வீட்டைக் காக்கிறார்களாம். இதைக் கேட்டு அவள் பக்தி குறையவில்லை, பெருகிவிட்டது. அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கிருஷ்ணசாமி கண்ணாடியைக் கழற்றினார். "உன்ன சந்தேகப்பட்டது என் தப்பும்மா" என்று நதியாவிடம் நேராகவே சொன்னார்.

சாயங்காலம் ஐந்து பெயர்களைப் படித்தார்கள். நான்கு பெயர் போனது. ஐந்தாவதாக நதியாவின் பெயரைச் சொன்னபோது ஐசக் கைக்குட்டையைத் தேடினார். அம்முலு அழவில்லை. அவள் நினைப்பெல்லாம் ஏரிக்கரையில் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு இருவரும் சேர்ந்தே புற்றுக்குப் போனார்கள். இந்தத் தடவை தண்ணீர் ஊற்றிய நிமிஷத்திலிருந்து மணிக்கு ஒரு தரம் எழுத வேண்டும், முகாமுக்கு எடுத்துப்போக வேண்டும் என்று நதியா பேனாவும் கையுமாக நின்றாள்.

"ஊத்தும்மா, அஞ்சாச்சி."

அம்முலு குடத்தைத் தூக்கினாள். தூக்கியவள் ஊற்றவில்லை. எதையோ நினைத்துக்கொண்டு குடத்தை இறக்கி வைத்துவிட்டு, புற்றின் வாய்க்கு நேராக உள்ளங்கையை நீட்டினாள். காற்று குளிர்ந்து கிடந்த அந்த நேரத்தில் உள்ளேயிருந்து இளஞ்சூடாக ஒரு மூச்சு வந்து கையில் பட்டது.

"இன்னாம்மா?"

"இங்க வந்து கைய வையிடி."

நதியா வந்து அம்மாவின் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள். இரண்டு மாசம் எண்களாக எழுதிய முப்பது டிகிரி அவள் உள்ளங்கையில் வந்து நின்றது. பேனாவை மடியில் செருகிக்கொண்டாள்.

"எட்டு வாரமா ஒங்கள ரொம்ப பேஜார் பண்ணிட்டேன்" என்று புற்றைப் பார்த்துச் சொன்னாள் அம்முலு. "ஒவ்வொரு வாட்டியும் பொயுது சாயற வரைக்கும் வேல செஞ்சிருக்கீங்க. எனுக்குத் தெரியல. மன்னிச்சிக்கோங்க எல்லாரும்."