கழுத்து ஒடிந்த போல்ட்

புது மெஷின் கைக்கு வந்ததிலிருந்து பெரிய சகலையைப் பிடிக்க முடியவில்லை. இடுப்பில் தொங்கும், போல்ட் முறுக்கும் பேட்டரி இம்பாக்ட் டிரைவரை எடுத்து எதையாவது முறுக்காவிட்டால் அவருக்குக் கை நமநமக்கும். அக்காவை இவரும் தங்கையைச் சின்னவரும் கட்டிக்கொண்டு, இருவருமாக ஏசி மாட்டும் தொழில் செய்தார்கள். போல்ட்டை மெஷினால் உள்ளே ஓட்டலாம், கடைசிச் சுற்றைக் கை ஸ்பானரால்தான் முறுக்க வேண்டும், எங்கே நிறுத்துவது என்று மெஷினுக்குத் தெரியாது என்பது சின்னவரின் ஓயாத பாட்டு. பெரியவருக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். போன மாதம் மாமியார் வீட்டில் சின்னவர் மாட்டிய அலமாரிக் கதவு கழன்று விழுந்தபோது, இத்தனை மெதுவாக முறுக்கியும் நிற்கவில்லையே என்று சொல்லி அவருக்கு 'ஆமை' எனப் பெயர் வைத்துக் குடும்பத்தையே சிரிக்க வைத்தவர் இவர். அப்படிப்பட்டவர் பாடம் கேட்பாரா?

மூன்றாம் மாடி ஜன்னலுக்கு வெளியே ஏசியின் வெளிப்பெட்டி உட்காரும் ஸ்டாண்டைச் சுவரில் மாட்டும் வேலை. செம்புக் குழாய் எடுக்கச் சின்னவர் கீழே போனார். பெரியவர் விசையை அழுத்தினார். டகடகவென்று சத்தம் கிளம்ப, மனுஷனுக்கு ஒரே குஷி. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விரலை எடுக்கவே இல்லை. படக்கென்று மெஷின் சும்மா சுற்றியது. வலப்பக்க மேல் போல்ட்டின் கழுத்து ஒடிந்து, தலை மட்டும் கையோடு வந்துவிட்டது.

படுபாவி என்ன செய்தார் தெரியுமா? தலையில் பசை தடவிப் பழைய இடத்திலேயே ஒட்டிவிட்டார். சின்னவர் சாப்பிடப் போகும்போது வேறு துளை போட்டுக்கொள்ளலாம் என்று கணக்கு.

சின்னவர் வந்தார். வந்ததும் இடுப்புப் பாதுகாப்பு பெல்ட்டின் கயிற்றுக் கொக்கியை ஸ்டாண்டின் அந்த வலப்பக்கக் கம்பியிலேயே மாட்டினார். தாங்கள் முறுக்கிய ஸ்டாண்டிலேயே கொக்கி மாட்டுவது இவர்கள் வழக்கம். தங்கள் வேலைமீது அத்தனை நம்பிக்கை.

பெரியவர் அவசரமாகக் குறுக்கே வந்தார். டீ குடித்துவிட்டு வரலாமே என்றார். வேலை முடியட்டும் என்றார் சின்னவர். குழாயை நானே கட்டுகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். முட்டி வலியோடு உங்களுக்கு எதற்கு இந்த வேலை என்று பதில் வந்தது. சொல்லித் தொலையேன் என்று மனசு அடித்துக்கொண்டது, வாய் வரவில்லை. மாமியார் வீட்டில் எல்லாரும் சிரிப்பது இப்போதே காதில் கேட்டது. அதற்குள் சின்னவர் இரண்டு காலையும் வெளியே சன்ஷேடில் வைத்துப் பின்னால் சாய்ந்தார். கயிறு விறைத்தது. ஸ்டாண்ட் லேசாக முனகியது.

பெரியவர் பாய்ந்து இரண்டு கையாலும் பெல்ட்டைப் பிடித்தார்.

"தம்பி, அசையாத. போல்ட்டு ஒடிஞ்சு போச்சு. தலையை மட்டும் ஒட்டி வச்சிருக்கேன்."

சின்னவரின் முகம் வெளிறியது. மூச்சை அடக்கி, ஜன்னல் சட்டத்தைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைத்தார். கொக்கியைக் கழற்றும்போது போல்ட் தலை பிய்ந்து கீழே விழுந்தது.

பெரியவர் அழுதேவிட்டார். என்னைத் திட்டு, அடி, குடும்பத்தில் எல்லாரிடமும் சொல் என்று புலம்பினார். சின்னவர் எப்போது ஒடிந்தது என்று மட்டும் கேட்டார். நீ குழாய் எடுக்கப் போனபோது என்றார் பெரியவர்.

"அப்ப நான் கொக்கி மாட்டுறப்பவே உங்களுக்குத் தெரியும்," என்றார் சின்னவர். "ஒடிச்சதுக்கு ஒண்ணும் சொல்லல அண்ணே. பாத்துக்கிட்டே நின்னீங்களே."

பெல்ட்டைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினார். பெரியவர் பின்னாலேயே ஓடிக் கூப்பிட்டார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.