இரண்டு கூட்டல் மூன்று பெருக்கல் நான்கு

நிதிப் பகுப்பாய்வாளர் தேர்வில் யமிலா இரண்டு முறை மண்ணைக் கவ்வியிருந்தாள். மற்ற பாடமெல்லாம் அத்துப்படி; புள்ளியியல் வந்தால் மட்டும் விடை தப்பும். செவ்வாய்க்கிழமை மூன்றாவது முயற்சி. இதிலும் தோற்றால் மறுபடி வரவேற்பு மேசைதான் என்று முதலாளி சொல்லிவிட்டார். அந்த மேசையில் ஒன்பது வருடம் சிரித்துச் சிரித்தே தாடை வலித்தவள் அவள்.

சனிக்கிழமை காலை, ஆளில்லாத அலுவலகத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். கால்குலேட்டரில் பேட்டரி தீர்ந்தது, புதிது போட்டாள். அதன் பிறகு ஒரு விடைகூடச் சரியாக வரவில்லை. எல்லாம் நேற்று சரியாக வந்த கணக்குகள். சந்தேகப்பட்டு 2 + 3 × 4 என்று தட்டினாள். பதினான்கு வர வேண்டும். இருபது வந்தது.

பெருக்கலை முதலில் செய்யும்படி, வாங்கிய அன்றே அதை மாற்றி வைத்திருந்தாள். பேட்டரியை மாற்றினாலும் சரி, நினைவில் இருப்பதை அழித்தாலும் சரி, சனியன் பழைய புத்திக்கே திரும்பிவிடும் போலிருக்கிறது. கால்குலேட்டர் நினைவில் எதுவும் இல்லாமல்தான் தேர்வுக்குள் போக வேண்டும் என்பதால், இரண்டு தேர்விலும் வாசலில் நின்று அழித்தவள் அவளேதான். அழித்துவிட்டுப் போ என்று சொன்னவன் ஃபாபியான். பக்கத்து மேசைக்காரன், முதல் முயற்சியிலேயே தேறியவன்.

அந்த நேரம் பார்த்து, வெந்நீர்க் குடுவையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவனே அலுவலகத்துக்குள் வந்து நின்றான்.

"அழிச்சா மோடு மாறிடும்னு உனக்குத் தெரியுமா?"

அவன் நிதானமாக மாத்தே என்ற மூலிகைத் தேநீரை உறிஞ்சினான். "அது தெரியாதா என்ன. நீ கேக்கலையே."

"ரெண்டு வருஷமா மக்குன்னு கேலி பண்ணியே, அப்பவும் தெரியும்?"

"இருக்கிறது ஒரு நாற்காலி, யமிலா. நீயும் பாஸாயிட்டா நான் எங்க போறது?"

அந்தக் குடுவையை அவன் தலையில் கவிழ்க்கக் கை பரபரத்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை தேர்வுக்கூட வாசலில் நாற்பது பேர் வரிசையாக நின்று கால்குலேட்டரை அழித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் நிலைத் தேர்வுக்கு ஃபாபியானும் வந்திருந்தான். யமிலா வரிசையைவிட்டு வெளியே வந்தாள்.

"அழிச்சவங்க எல்லாரும் ரெண்டு கூட்டல் மூணு பெருக்கல் நாலு போட்டுப் பாருங்க. இருபது வந்தா மோட மாத்துங்க. மாத்தாததால ரெண்டு வருஷம் எனக்குப் போச்சு."

வரிசை முழுக்கப் பொத்தான் சத்தம். யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள்.

"பைத்தியமா உனக்கு? யார் கேட்டா உன்னை?" என்று ஃபாபியான் பல்லைக் கடித்தான்.

"கேக்கலைன்னாலும் சொல்லுவேன்."

அவன் முதுகைத் திருப்பிக்கொண்டு தன்னுடையதைத் தட்டிப் பார்த்தான். அவன் தோளுக்கு மேலே யமிலாவுக்கு அது நன்றாகத் தெரிந்தது. இருபது. தெரிந்தவனே இன்று மறந்திருந்தான்; அவசர அவசரமாக மாற்றினான். அவனையும் சேர்த்துக் காப்பாற்றிவிட்டோமே என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.