அந்த வால்வு தானாகத் திறக்காது

1

இந்தக் கதை காலிப் பக்கங்களால் பிறந்தது. பாறசாலைக்குப் பக்கத்து வாசகசாலையின் ஆண்டு மலர் வெள்ளிக்கிழமை வெளிவருகிறது. நாலு பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது, ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று செயலாளர் அஜீஷ் வந்து நின்றார். குடும்ப வரலாறு எழுதலாம் என்றுதான் கைலாசம் பிள்ளை ஒப்புக்கொண்டார். உட்கார்ந்தபோது வரலாறு வரவில்லை, மீன்தொட்டி வந்தது.

கதையில் வருகிறவரும் கைலாசம் பிள்ளை, எழுதுகிறவரும் அவரே. தாலுகா கச்சேரியில் முப்பத்தொரு ஆண்டு ‘கீழே ஒப்பமிட்டவர்’ என்றே தன்னைக் குறிப்பிட்டுப் பழகியவர். வேறு மாதிரி எழுத வராது.

கண்ணில் படலம். ஆகவே அவர் சொல்லச் சொல்ல மருமகள் ஸ்ரீகலா கணினியில் அடிக்கிறாள். கைவிட்ட வாக்கியங்களையும் விடாமல் அடித்துவிடுகிறாள். அடைப்புக்குறிக்குள் இருப்பவை அவள் சொந்தமாகப் போட்டவை. எடுக்கச் சொல்லலாம். அதற்கும் தெம்பு வேண்டும்.

2

முதல் தொடக்கம்: ‘நெய்யாற்றின்கரை தாலுகாவில் பெயரைக் கேட்டாலே எழுந்து நிற்கும் குடும்பங்கள் சில உண்டு. அவற்றில்—’

வேண்டாம். மீன் எதற்கும் எழுந்து நிற்பதில்லை.

இரண்டாவது: ‘தண்ணீருக்குள் ஒரு தோட்டம் இருந்தது.’

அழகாக இருக்கிறது. அழகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வசதியாகவும் இருக்கிறது. இதுவும் வேண்டாம்.

மூன்றாவது, வெறும் விவரம். முன்னறையில் மூன்றடித் தொட்டி. ஸ்ரீகலா வைத்தது. உள்ளே செடிகள், இருபது சிறு மீன்கள். செடி தழைக்கக் கரியமில வாயு வேண்டும். சிலிண்டரிலிருந்து மெல்லிய குழாய் வழியாகக் குமிழ் குமிழாக வந்து நீரில் கரையும். அது கூடிப்போனால் மீனுக்கு மூச்சு முட்டும். அதனால் விளக்கு எரியும் பகலில் மட்டும் வாயு. விளக்கு அணைந்தபின் வாயுவை அடைத்துவிட்டுக் காற்று மோட்டார். அளவு காட்ட உள்ளே ஒரு கண்ணாடிக் குமிழி தொங்கும். அதிலுள்ள நீர் நீலமானால் வாயு போதாது. பச்சை என்றால் சரி. மஞ்சள் என்றால் ஆபத்து.

[மாமா, மேல்தண்ணிக்கு எப்பவும் அனக்கம் வேணும்னு எழுதணும். அனக்கம் நின்னா மிச்ச வாயு வெளிய போவாது.]

மேல்நீர் அசைந்துகொண்டே இருக்கவேண்டும். எழுதியாயிற்று.

3

மகள் லேகாவைப் பெண் பார்க்க அதியன்னூரிலிருந்து வந்தார்கள். தன் வீட்டில் எதுவும் குறைவாகத் தெரிவதைக் கைலாசம் பிள்ளை தாங்கமாட்டார். வாயு கூடுதலாகக் கிடைத்தால் இலைகளில் முத்து முத்தாகக் குமிழ் பூக்கும். அதை அவர் முன்பு பார்த்திருக்கிறார். அன்று காலை எப்படியோ வால்வு தானாகவே கொஞ்சம் அதிகம் திறந்துகொண்டது.

[மாமா, அந்த வால்வு தானா தொறக்காது.]

சரி. வேலைக்காரி தூசி தட்டும்போது கை பட்டு—

[நம்ம வீட்டுல ஏது வேலைக்காரி? தூசி நானாக்கும் தட்டுகது.]

எழுதுகிறவர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். ஸ்ரீகலா விசைப்பலகையில் கையை வைத்தபடியே காத்திருந்தாள். அவரைப் பார்க்கவில்லை.

காலை எட்டு மணிக்கு, அவள் அடுக்களையில் இருந்தபோது, கைலாசம் பிள்ளை வால்வைத் திருகினார். ஒன்றொன்றாக வந்த குமிழ்கள் சரம்போல் வரத் தொடங்கின. மேல்நீர் கண்ணாடிபோல் நிற்கட்டும் என்று வடிகட்டியின் வாயையும் நீருக்குள் தாழ்த்திவைத்தார். பத்தரைக்குக் கண்ணாடிக் குமிழியைப் பார்த்தார். பச்சையாகத்தான் தெரிந்தது. கண் மங்கி வருவதை அதுவரை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

“கொள்ளாமே! இலையெல்லாம் முத்து கோத்த மாதிரி இருக்கே” என்றார் பையனின் தாயார். கைலாசம் பிள்ளையின் முதுகு இன்னும் நிமிர்ந்தது. பாயசம் வரும் முன்னே அதே அம்மாள், “அய்யோ, மீனுக்கு என்ன பற்றிச்சு? எல்லாம் மேல வந்து வாயப் பொளக்குதே!” என்றார்.

எல்லாரும் கைலாசம் பிள்ளையைப் பார்த்தார்கள்.

“மருமக பாத்துக்கிடுகதாக்கும்” என்றார் அவர். “தொறந்து போட்டுட்டு மறந்திருப்பா. காரோடு ஊருல அவ வீட்டுல இதெல்லாம் பழக்கம் இல்லல்லா.”

பாயசத் தட்டோடு வாசலில் நின்ற ஸ்ரீகலா அதைக் கேட்டாள். தட்டை வைத்தாள். வாயுவை அடைத்தாள், காற்று மோட்டாரை ஓடவிட்டாள், பாதித் தண்ணீரை மாற்றினாள். பட்டுச்சேலை முழங்கை வரை நனைந்தது. பதினேழு மீன்கள் செத்தன.

[பதினெட்டு. ஒண்ணு மறுநாளு செத்துது. மாமா அத பாக்கல்ல.]

4

சம்பந்தம் கூடிவந்தது. வருகிற ஞாயிறு நிச்சயம். இவர்கள் குடும்பத்தில் வீட்டின் மூத்த மருமகள் விளக்கேற்ற வேண்டும். அவள் கையில் தீப்பெட்டியைக் கொடுப்பவள் வீட்டுக்கே மூத்தவள், அதாவது கைலாசம் பிள்ளையின் அக்கா பகவதியம்மாள். போன வாரம் அக்கா தொலைபேசியில் அழைத்தாள்.

“எலே கைலாசம், நல்ல காரியம் பேச வந்த அன்னைக்கு உயிரு போன கையாக்கும் அது. அவ வெளக்கு ஏத்தண்டாம். சித்தப்பாவுக்க மருமக ஏத்தட்டு. கேட்டியா?”

“அக்கா, அது வந்து...”

“என்னலே?”

கைலாசம் பிள்ளை மீனைப்போல வாயைத் திறந்து மூடினார். “ஒண்ணுமில்ல. அப்படியே ஆவட்டு” என்றார்.

மருமகள் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் தொலைபேசியில் பேசுவது எல்லா அறைக்கும் கேட்கும்.

[கேட்டுது.]

5

முடிவு நல்ல நீதியோடு இருக்கட்டும் என்று அஜீஷ் சொல்லியிருக்கிறார்.

ஒரு முடிவு: மருமகள் மாமனாரை மன்னித்துவிடுகிறாள்.

[நான் அப்படி ஒண்ணும் சொல்லல்லியே மாமா.]

இன்னொரு முடிவு: ஞாயிற்றுக்கிழமை சபை நடுவே கைலாசம் பிள்ளை எழுந்து உண்மையைச் சொல்கிறார். இந்த ஆள் அப்படிச் செய்வார் என்று எழுதுகிறவருக்கு நம்பிக்கை இல்லை. தொலைபேசியில் ஒரு அக்காவிடம் சொல்ல முடியாதவர், அறுபது பேர் முன்னால்—

போதும். களைப்பாக இருக்கிறது.

“அப்ப இத அனுப்பண்டாமா?” என்றாள் ஸ்ரீகலா.

“அனுப்பு மக்கா.”

“பகவதி அத்தை மலரு வாங்குவாவ. வாசிப்பாவ.”

“அதுக்காக்கும்.”

முன்னறையில் தொட்டி காய்ந்து கிடக்கிறது. பெண் பார்த்ததற்கு அடுத்த வாரம் மிச்சம் இருந்த இரண்டு மீன்களையும் ஸ்ரீகலா யாருக்கோ கொடுத்துவிட்டாள். மறுபடி நீர் நிரப்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

இந்தக் கதைக்கு வாசகர்கள் பலர் இருக்கலாம். முடிவு எழுதக்கூடியவர் ஒருவர்தான்.

அக்கா, வெள்ளிக்கிழமை மலர் கைக்கு வந்ததும் விளம்பரம்கூட விடாமல் வாசிப்பாய் என்று தெரியும். வால்வைத் திறந்தது நான். ஸ்ரீகலா இல்லை.

[இந்த வரிய மாமா ரெண்டு தடவை சொன்னாவ. ஒரு தடவைதான் அடிச்சேன்.]

ஞாயிற்றுக்கிழமை விளக்குக்கு முன்னால் இரண்டு மருமகள்கள் நிற்பார்கள். தீப்பெட்டி உன் கையில் இருக்கும்.