கைப்பை மாத்திரை

எனக்கு வந்த நோய்தான் சின்னவளுக்கும் வந்தது. நெஞ்சு ஒழுங்காக அடிக்காமல் தாறுமாறாகத் துடிக்கிற நோய். அதையாவது எனக்கு மட்டும் என்று விட்டுவைத்திருக்கக் கூடாதா?

சின்னவள் என்றால் என் கொழுந்தன் பெண்டாட்டி. நான் பெரியவள். ஜன்னலுக்கும் கதவுக்கும் திரை தைக்கிற கடையை ஒற்றைத் தையல் மிஷினோடு தொடங்கி, வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராக நான் பிடித்து வைத்த பிறகு, எல்லாம் தயாராக இருக்கிற வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள் அவள். இப்போது துணி வெட்டுவது நான், தைப்பது அவள். ஆனால் கடைக்கு வருகிறவர்கள், "அந்தத் தங்கச்சி தைச்சாதான் மடிப்பு அழகா விழுது" என்று என் முகத்துக்கு நேரே சொல்வார்கள். துணியை நேராக வெட்டாவிட்டால் மடிப்பு எங்கிருந்து விழும்? அதை ஒருத்தரும் யோசிப்பதில்லை.

நோயிலும் இதே கதைதான். எனக்கு முன்பே லேசாக ஒரு மாரடைப்பு வந்து போயிருந்தது. அதற்குப் பிறகுதான் இந்தத் தாறுமாறு. டாக்டர் இரண்டு மாத்திரைகள் எழுதிக் கொடுத்தார். ஒன்று துடிப்பை நிதானப்படுத்த. இன்னொன்று, ரத்தம் கட்டியாக உறைந்து மூளைக்கு ஏறிவிடாமல் இருக்க. இரண்டையும் காலையும் இரவும் தவறாமல் போட வேண்டும், ஆயுசுக்கும். என் வீட்டுக்காரர் கிழமைவாரியாக மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்கிக் கொடுத்தார். அத்தோடு அவர் கடமை முடிந்தது. கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "போட்டாச்சா?" என்பார். நான் "விஷத்தைப் போட்டாச்சு" என்று சொன்னாலும் "ம்" என்றுதான் சொல்லியிருப்பார்.

சின்னவளுக்கு அப்படி இல்லை. அவளுக்கு எப்போதாவதுதான் வரும். எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் இதயத்தில் ஒரு குறையும் கிடையாதாம். பெரிய ஆஸ்பத்திரியில் அவளைப் படுக்கவைத்து, ஒரு மாத்திரையைக் கொடுத்து, பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டு, "இதைக் கைப்பையில வச்சுக்கோங்க. படபடப்பு வந்தா ஒண்ணு போட்டுட்டு உட்காருங்க. அடங்கலைன்னா உடனே இங்க வந்துடுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். காலை மாத்திரை இல்லை, இரவு மாத்திரை இல்லை, டப்பா இல்லை. எனக்குச் சிறை, அவளுக்குச் சுற்றுலா.

அவளுக்குப் படபடப்பு வந்தால் பார்க்க வேண்டுமே! கொழுந்தன் திரைக்கம்பியைப் போட்டது போட்டபடி ஓடி வருவார். என் வீட்டுக்காரர், ஆமாம், அதே மனுஷர், கைபேசியை வைத்துவிட்டு மின்விசிறியை அவள் பக்கம் திருப்புவார். அவள் கைப்பையைத் திறந்து, மாத்திரையை எடுத்து, ஒரு மடக்குத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருப்பாள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கி, வெளுத்த முகத்தோடு சிரிப்பாள். எல்லாருக்கும் போன உயிர் திரும்பி வரும். தினமும் இரண்டு வேளை விழுங்குகிற என்னை ஏறெடுத்துப் பார்க்க நாதியில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, நன்றாகவே எரிந்தது.

வெல்வெட் திரை தைத்ததில் கருஞ்சிவப்புத் துண்டு ஒன்று மிஞ்சியிருந்தது. அதில் ஜிப் வைத்து, உள்துணி கொடுத்து, உள்ளங்கை அளவில் ஒரு பை தைத்தேன். சின்னவளின் பையைவிட என் பை அழகு. துடிப்பு மாத்திரை அட்டையிலிருந்து ஒன்றைத் துணிக் கத்தரியால் சதுரமாக நறுக்கி அதற்குள் வைத்தேன். அன்றிலிருந்து நானும் வந்தால்தான் போடுவேன். அவளுக்கும் நெஞ்சு, எனக்கும் நெஞ்சு. அவளுக்கு ஆகிறது எனக்கு ஆகாதா? ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரைக்குப் பையில் வேலை இல்லை என்று அதை அடியோடு விட்டுவிட்டேன். டப்பாவில் இருந்ததைத் தினமும் எடுத்து, வெட்டுத் துணி போடுகிற சாக்குக்குள் தள்ளினேன். "போட்டாச்சா?" என்றார் வீட்டுக்காரர். "ஆச்சு" என்றேன். "ம்" என்றார்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், முதலில் அவ்வளவு சுகமாக இருந்தது. மாத்திரை போட்டால் வருகிற அசதி போய்விட்டது. மாடிப்படியை நின்று மூச்சு வாங்காமல் ஏறினேன். இத்தனை நாள் அந்த டாக்டர் என்னைச் சும்மா படுத்தி வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மண்டபத்துக்கு மொத்தமாகத் திரை தைக்கிற வேலை வந்தது. ஆண்கள் இரண்டு பேரும் கம்பி மாட்டப் போய்விட்டார்கள். கடையில் நானும் அவளும்தான். நான் கத்தரியோடு வெட்டு மேசையில் குனிந்திருந்தேன். திடீரென்று நெஞ்சுக்குள் யாரோ தானியத்தை முறத்தில் போட்டுப் புடைப்பது போல இருந்தது. வெட்டுக்கோடு கோணலாகப் போனது. என் கையால் கோணல் வெட்டு விழுந்ததே இல்லை.

பயப்பட்டேனா? சத்தியமாக இல்லை. என் முறை வந்துவிட்டது என்று இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, வெல்வெட் பையைத் திறந்து, மாத்திரையை எடுத்து, ஒரு மடக்குத் தண்ணீரோடு விழுங்கினேன். கண்ணை மூடிச் சாய்ந்தேன்.

தையல் மிஷின் நின்றது. "அக்கா, என்ன போட்டீங்க? இது காலைல போடுற மாத்திரைதானே?"

"வந்தாத்தான் போடுறேன். உன்ன மாதிரி."

"எத்தனை நாளா?"

"மண்டப வேலை வர்றதுக்கு முன்னாடியிருந்தே."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அந்த ரத்த மாத்திரை?"

என் கண் வெட்டுத் துணிச் சாக்குப் பக்கம் போனது. துடிப்பு அடங்குவதாக இல்லை, வேகம்தான் கூடியது. மூச்சு தொண்டையோடு நின்றது. மேசை, துணி, அவள் முகம் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்தன. அப்போதுதான் பயம் வந்தது. கூடவே, தைக்கும்போதும் கழற்றாமல் அவள் தோளில் தொங்குகிற கைப்பையும் கண்ணில் பட்டது. என் மாத்திரை மட்டம், அவள் மாத்திரைதான் உசத்தி. போட்ட கொஞ்ச நேரத்தில் அடங்குவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்!

"உன்னுதுல ஒண்ணு குடு."

"மாட்டேன் அக்கா."

"ஒண்ணுதானேடி கேக்குறேன்!"

"அது உங்களுக்கு ஆகாது. எனக்குக் குடுக்கும்போதே, வேற யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் குடுத்தாங்க." ஒரு கையால் கைபேசியை எடுத்து ஆம்புலன்ஸுக்கு எண்ணை அழுத்தினாள். இன்னொரு கையால் பையை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள்.

"நான் செத்தாலும் தர மாட்டியா?"

"செத்தாலும் தர மாட்டேன்."

நாற்காலியிலிருந்து எழுந்து அவள் பையைப் பிடித்து இழுத்தேன். அவள் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டு போனில் பேசினாள். "ஏற்கெனவே அட்டாக் வந்தவங்க. துடிப்பு மாத்திரையும் ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரையும் பல நாளா போடல. இப்பதான் துடிப்பு மாத்திரை மட்டும் ஒண்ணு போட்டாங்க." நான் மறைத்த அத்தனையையும் யாரோ ஒரு அந்நியனிடம் ஒப்பித்தாள். கால் மடங்கி நான் துணிக்குவியலில் விழுந்தேன். அவள் என்னைத் தன் மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் நெற்றி நனைந்து, உதடு வெளுத்திருந்தது. ஒரு மாத்திரைக்குப் போய் இவ்வளவு கஞ்சத்தனமா, அதனால்தான் குற்ற உணர்ச்சியில் வேர்க்கிறது என்று நினைத்தேன். மயங்கும்போதும் அவளைத் திட்டிக்கொண்டேதான் மயங்கினேன்.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தேன். கையில் ஊசி வழியாக மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. தலைமாட்டில், நெஞ்சுத் துடிப்பைக் காட்டுகிற கருவியில் பச்சைக் கோடு ஓடியது. டாக்டரம்மா கட்டில் ஓரம் நின்று, குரலை உயர்த்தாமலே கிழித்தார்.

"அந்த மாத்திரை உங்களுக்கு விஷம். அடிபட்ட இதயம் உங்களுது. அதைப் போட்டிருந்தா துடிப்பு மொத்தமா நின்னு போயிருக்கலாம். அவங்க தராததாலதான் இப்ப பேசிட்டு இருக்கீங்க. நல்லா இருக்கேன்னு நீங்களா மாத்திரைய நிறுத்தக் கூடாது. அசதியா இருந்தா எங்கிட்ட வந்து சொல்லுங்க, அளவ மாத்தலாம். பக்கவாதம் வராம தப்பிச்சது உங்க நேரம்."

தலையாட்டினேன். பிறகு கேட்டேன், "அவ எங்க?"

டாக்டரம்மா பக்கத்துத் தடுப்புத் திரையைக் காட்டினார். மட்டமான துணி, அடி மடிப்புகூட ஒழுங்காகத் தைக்கவில்லை. அதற்கு அந்தப் பக்கம் கொழுந்தன் குரல் கேட்டது.

"உனக்கு வந்தப்பவே போட வேண்டியதுதானே? கையிலயே மாத்திரைய வச்சுக்கிட்டு ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் சும்மா இருந்திருக்க!"

சின்னவள் சொன்னாள், "பையத் திறந்திருந்தா அக்கா பிடுங்கியிருப்பாங்க."

நெஞ்சில் கையை வைத்துச் சொல்கிறேன், பிடுங்கியிருப்பேன். அவள் கையைக் கடித்தாவது பிடுங்கியிருப்பேன். அவளுக்கும் அதே நேரத்தில் வந்திருக்கிறது. என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, தன் மருந்தைத் தன் தோளிலேயே மாட்டிக்கொண்டு, போடாமல் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அவமானமாக இருந்தது. கோபமும் வந்தது. இதிலும் அவள்தான் நல்லவள், நான்தான் கெட்டவள். இனி ஆயுசுக்கும் என் வீட்டுக்காரர் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கொல்லப்போகிறார்.

கொழுந்தன் ஏதோ மருந்து வாங்கக் கீழே போனார். டாக்டரம்மா அடுத்த வார்டுக்குப் போனார். நான் ஊசி குத்தாத கையை நீட்டித் தடுப்புத் திரையை விலக்கினேன்.

சின்னவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். எப்போதும் பின்னிப் போட்டிருக்கிற தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. அவள் தலைமாட்டிலும் ஒரு பச்சைக் கோடு. என்னுடையது ஒரே சீராக, தையல் விழுந்த மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அவளுடையது நெருங்கியும் விலகியும், வரிசையில்லாமல் குதித்தது. பக்கத்தில் இருந்த எண் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. அவள் உதடு கடையில் பார்த்ததைவிட வெளுத்திருந்தது. மருந்து ஏறுகிறது, அடங்கிவிடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள் போல. பக்கத்தில் ஆளில்லை.

எனக்கு நல்லபடியாக ஓட வேண்டும், அவளுக்குக் கெட்டுப்போக வேண்டும். எத்தனை நாள் மனசுக்குள் இதைக் கேட்டிருக்கிறேன். கேட்டது கேட்டபடி, பச்சைக் கோட்டில் வரைந்து, கண் முன்னால் வைத்திருந்தார்கள்.

"ஏய், சின்னவளே" என்றேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

என் எண்ணும் ஏறத் தொடங்கியது. என் கருவி கீச்சிட்டது. தாதி ஓடி வந்து, நேராக என் கட்டிலுக்குத்தான் வந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்து, என் நெற்றியைத் தொட்டு, என் முகத்தையே பார்த்தாள். நான் அவள் கையை உதறிவிட்டு, வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

"என்னை ஏம்மா பாக்குற? அவளப் பாரு!"